மாத்திரை செய்த வேலை

என் கணவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பெங்களூரில் இருக்கும் மகளுக்கும் மட்டும்தான் முதலில் தெரிந்திருந்தது. கும்பகோணத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலோ உறவிலோ வேறு யாருக்கும் தெரியாது. கேட்பவர்களிடம், "நீர்க்கடுப்பு, திருச்சிக்குப் போய்க் காட்டிட்டு வர்றோம்" என்று சொல்லிவைப்போம். அப்படியே கடைசிவரை ஓட்டிவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவருடைய தோல் விடவில்லை.

அவர் ஆர்.எம்.எஸ்.ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற ரயிலில் ராத்திரி முழுக்க நின்றபடி தபால் பிரித்துப் பழகிய உடம்பு. தலைவலி, காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை. 2022 கடைசியில் ராத்திரி நாலைந்து தடவை எழுந்து கழிவறைக்குப் போக ஆரம்பித்தார். வயசானால் எல்லாருக்கும் வருவதுதான் என்றார். பிறகு இடுப்பில் ஒரு வலி. அதற்கும் நின்று வேலை பார்த்ததுதான் காரணம் என்றார். தீபாவளிக்கு வந்த மகள் விடாப்பிடியாக ரத்தம் எடுக்க வைத்தாள். நாலுக்குள் இருக்க வேண்டிய பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் அளவு மூன்று இலக்கத்தில் வந்தது. பயாப்சி, எலும்பு ஸ்கேன் எல்லாம் முடிந்தபோது, நோய் சுரப்பியைத் தாண்டி முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் போய்விட்டது தெரிந்தது.

அறுவை செய்து எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது, ஆனால் மருந்தால் அடக்கிவைத்து வருஷக்கணக்கில் வாழலாம் என்றார் திருச்சி டாக்டர். ஆண்களின் உடம்பில் ஊறும் டெஸ்டோஸ்டிரான்தான் இந்தப் புற்றுக்குத் தீனி. தீனியை நிறுத்தினால் புற்று சுருங்கும். சிகாகோவில் இருந்த சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் 1941இல் இதைக் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எண்பது வருஷம் போன பிறகும் வைத்தியத்தின் அடிப்படை அதேதான். விரைகளை அறுவை செய்து எடுத்துவிடலாம். ஒரே நாளில் முடியும், செலவும் குறைவு. இல்லையென்றால் ஊசி போட்டுச் சுரப்பை நிறுத்தலாம். ஆனால் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். இவர் யோசிக்கவே இல்லை. "ஊசியே போடுங்க சார்" என்றார். குரல் எழும்பவில்லை.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவானதும் அன்றைக்குத்தான். திரும்பி வரும் பஸ்ஸில் தஞ்சாவூர் தாண்டும்வரை அவர் வாயே திறக்கவில்லை. பிறகு சொன்னார்: "கேன்சர்னு தெரிஞ்சாக்கூடப் பரவாயில்ல. அதுக்கு என்ன ஊசி போடறாங்கன்னு எவனாவது விசாரிப்பான். அப்புறம் அதுவே பேச்சாயிடும்." சாவைவிட அந்தப் பேச்சுக்குத்தான் அவர் பயந்தார். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தன் உடம்பைப் பற்றி நாலு பேர் திண்ணையில் பேசுவதைத் தாங்க முடியாது என்று ஒரு மனுஷன் சொன்னால், கட்டினவள் அதை மதிக்கத்தான் வேண்டும். சரிங்க, சொல்ல வேண்டாம் என்றேன்.

முதலில் போட்டது டெகரெலிக்ஸ் என்ற ஊசி. லூப்ரோலைடு போன்ற வழக்கமான ஊசிகள் டெஸ்டோஸ்டிரானை இறக்குவதற்கு முன்பு ஓரிரு வாரம் ஏற்றிவிடும். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்கு அந்த ஏற்றம் ஆபத்து. கட்டி வீங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் கால் விழுந்துபோகலாம். டெகரெலிக்ஸ் ஏற்றாமல் நேரே இறக்கும் என்பதால் அதில் தொடங்கினார்கள். முதல் தவணை 240 மில்லிகிராம். அதை இரண்டு ஊசியாகப் பிரித்து, வயிற்றுத் தோலுக்கடியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வேட்டியைத் தளர்த்திக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், தொப்புளுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றித் தடித்திருந்தது. தொட்டால் கொதித்தது. காலையில் இறுகிப்போயிருந்தது. காய்ச்சலும் குளிரும் வேறு. ஊசி போட்ட இடம் சீழ் பிடித்துவிட்டது என்றே நான் நினைத்தேன். போன் செய்தபோது எடுத்த நர்ஸ் பதறவில்லை. "முதல் டோஸுக்கு அப்படித்தாம்மா இருக்கும். தேய்க்காதீங்க. வேட்டிய அந்த இடத்துல இறுக்கிக் கட்ட வேணாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் குடுங்க" என்றாள். அந்த மருந்து தோலுக்கடியில் கூழாக உறைந்து கிடந்து, மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஊசி போட்ட இடம் வலிப்பதும் தடிப்பதும் பத்தில் நாலு பேருக்கு நடக்கும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஊசி போடும் முன் இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

சில நாளில் தடிப்பு வற்றியது. அடுத்த மாதங்களில் போட்டது 80 மில்லிகிராம்தான், அவ்வளவு படுத்தவில்லை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் லூப்ரோலைடுக்கு மாற்றினார்கள்.

உடம்பு மெல்ல மாறிக்கொண்டு வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் கொதித்து, கழுத்தெல்லாம் குப்பென்று வியர்த்துவிடும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் எனக்கு வந்ததேதான். அவருக்குப் புரியும்படி நான்தான் எடுத்துச் சொன்னேன். நெஞ்சிலும் காலிலும் இருந்த முடி மெலிந்தது. தோல் வறண்டதை அவர் கவனிக்கவே இல்லை, நான் கவனித்தேன். காலையில் போர்வையை உதறினால் தவிடு போல உதிர்ந்தது. தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளை இயக்குவதும் அதே ஹார்மோன்தான். அது வற்றினால் எண்ணெய்ப் பசையும் வற்றும். குளித்து ஈரம் காய்வதற்குள் முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். அவருக்குக் கூச்சமாக இருக்கும், காலை இழுத்துக்கொள்வார்.

தை பிறந்ததும் மாத்திரையும் சேர்ந்தது. அப்பலுடமைட் என்று பெயர். 60 மில்லிகிராம் மாத்திரை நாலு, தினமும் ஒரே வேளையில். ஊசி சுரப்பை நிறுத்துகிறது. அதற்குத் தப்பி மிச்சமிருக்கும் ஹார்மோன் புற்றணுவுக்குள் போய் ஒட்டும் இடத்தை இந்த மாத்திரை அடைத்துக்கொள்கிறது. 2019இல் வெளிவந்த டைட்டன் என்ற ஆய்வில், இவரைப் போலவே நோய் எலும்புக்குப் பரவிய ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். இரண்டு வருஷ முடிவில் மாத்திரை சேர்த்துக்கொண்டவர்களில் 82 சதம் பேர் உயிரோடு இருந்தார்கள்; ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களில் 74 சதம் பேர். மகள் இதைப் படித்துச் சொன்னபோது, அந்த எட்டு பேரில் ஒருவராக இவர் இருக்கட்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். மாத்திரையின் விலை எங்கள் பென்ஷனுக்கு மீறியது. மகள்தான் அனுப்பினாள்.

பங்குனி வெயில் ஏறிய நேரம். வேட்டி கட்டும் இடத்தில் முதலில் அரித்தது. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டார். அடுத்த நாள் நெஞ்சிலும் முதுகிலும் பொடிப்பொடியாகக் கிளம்பியது. பிறகு கைகளின் உள்பக்கம், தொடை. புள்ளிகள் ஒன்றோடொன்று கூடித் திட்டுத் திட்டாகத் தடித்தன. எங்களுடையதைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு, சிவப்பாகத் தெரியாது. கருஞ்சாந்து நிறத்தில் கன்றியதுபோல இருக்கும். விரலால் தடவினால்தான் மேடு தெரியும். அதனால் அது எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் பிடிபடவில்லை. "டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?" என்றேன். "ரெண்டு நாள் பொறு. இதுக்கெல்லாம் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது" என்றார்.

அதற்குள் சுவாமிமலையிலிருந்து என் நாத்தனார் வந்துவிட்டாள். அண்ணனின் கழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். "அண்ணி, இது அம்மை! எங்க ஊர்லயும் ரெண்டு வீட்ல போட்டிருக்கு. காப்புக் கட்டுற நேரத்துல இப்படித்தான் வரும்." நான் பதில் சொல்லும் முன் அவள் பக்கத்து வீட்டு மரத்திலிருந்து வேப்பிலை ஒடித்து வந்து நிலைப்படியில் செருகிவிட்டாள். தாளிதம் கூடாது, குளிக்கக் கூடாது, இளநீரும் கூழும்தான் என்று வரிசையாக உத்தரவு வந்தது. புது மாத்திரையின் வேலையாக இருக்குமோ என்ற சந்தேகத்தோடு நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்து, பேசாமல் இரு என்று தலையை அசைத்தார். அம்மை என்றே இருக்கட்டும். கேன்சர் என்பதற்கு அது எவ்வளவோ மேல்.

பாயில் வேப்பிலை பரப்பி, அதன் மேல் மல் துணி போட்டுப் படுக்கவைத்தாள். கொத்துக்கொத்தாக வேப்பிலையால் வருடிவிட்டாள். எனக்கு அந்த வைத்தியத்தின் மேல் மரியாதை உண்டு. என் பிள்ளைப்பருவத்து அம்மைகள் அப்படித்தான் இறங்கின. ஆனால் ஏற்கெனவே வறண்டு கிடந்த தோலைக் குளிக்கவும் விடாமல் எண்ணெயும் தடவாமல் போட்டதில் அரிப்பு இரண்டு மடங்காயிற்று. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இதற்கிடையில் வந்து பார்த்த உறவினர்கள், கத்திரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம் என்று நிறுத்தச் சொன்னார்கள். குப்பைமேனியை அரைத்துப் பூசச் சொன்னார்கள். அருகம்புல் தைலம் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொருவரும் பிரியத்தோடுதான் செய்தார்கள். நோய் இன்னது என்று தெரியாதவர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

பக்கத்துப் போர்ஷனில் ஏழு மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி இருந்தாள். அம்மை என்று கேள்விப்பட்டதும் அவளுடைய மாமியார் அவளை அன்று மாலையே பட்டுக்கோட்டையில் இருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பத் தயாரானார். வெயிலில், பஸ்ஸில், அந்தப் பெண் பையோடு வாசலில் நிற்கிறாள். கர்ப்பிணிக்கு அம்மை தொற்றினால் கெடுதல் என்பது உண்மை. அந்த அம்மாளின் பயத்தில் தவறில்லை. ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அம்மா, அந்தப் பொண்ண எங்கயும் அனுப்பாதீங்க. இது ஒட்டற வியாதி இல்ல. எனக்குக் கேன்சர். அதுக்கு மாத்திரை சாப்பிடறேன். அந்த மாத்திரை பண்ற வேலைதான் இது."

தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள். என் நாத்தனார் கையில் கூழ்ச் சொம்போடு நின்றாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவர் திரும்பி உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். நாத்தனார் சொம்பை வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "எங்கிட்டக்கூடச் சொல்லலியே அண்ணா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இந்த முப்பது நாற்பது வருஷத்தில் எத்தனையோ பெருமைகளை அவரால் நான் அடைந்திருக்கிறேன். அன்று வாசலில் நின்று அவர் பேசியதற்கு மேல் எதையும் சொல்ல மாட்டேன்.

அன்று ராத்திரி இன்னொரு சோதனை. அரிப்பு தாங்காமல் துடிப்பதைப் பார்த்து, நாத்தனாரின் வீட்டுக்காரர் மருந்துக் கடைக்குப் போய் அலர்ஜி மாத்திரை வாங்கி வந்தார். சீட்டு இல்லாமலே எல்லாக் கடையிலும் கொடுக்கும் பழைய வகை மாத்திரை. இரண்டு வேளை போட்டார். நன்றாகத் தூங்கினார். ஆனால் விடியற்காலையில் எழுந்தபோது சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு வீங்கி, வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழாய் போட்டு வடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. பணியில் இருந்த இளம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: தூக்கம் வரவைக்கும் அந்தப் பழைய அலர்ஜி மாத்திரைகள் சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைத்துவிடும். புராஸ்டேட் வீங்கி வழி குறுகியிருப்பவருக்கு அடைத்தே விடும். எல்லார் வீட்டு டப்பாவிலும் கிடக்கும் மாத்திரை அது. புராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்கள் இருக்கும் வீட்டில் அதைத் தொடுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

அங்கிருந்து நேரே திருச்சி. டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு தோலை விட்டுவிட்டு வேறு இடங்களைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். இமையைப் பிரித்துப் பார்த்தார். திரையை இழுத்துவிட்டு மறைவிடத்தையும் பார்த்தார். காய்ச்சல் உண்டா, முகம் வீங்கியதா, கொப்புளம் எங்காவது உண்டா, விழுங்கும்போது எரிகிறதா என்று கேட்டார். ரத்தத்தில் ஈசினோபில், ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்க்க எழுதினார். தடிப்போடு நின்றால் பயமில்லை. வாயும் கண்ணும் புண்ணாகி, தோல் உரியத் தொடங்கினால் அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற உயிருக்கே ஆபத்தான நிலை. காய்ச்சலோடு முகம் வீங்கி ஈரலும் கெட்டால் அது வேறொரு வகை ஆபத்து. இரண்டும் அரிது, ஆனால் இந்த மாத்திரையில் பதிவாகியிருக்கின்றன. இவருக்கு அவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாத்திரைய இன்னிலேர்ந்து நிறுத்துங்க. ஊசி அது பாட்டுக்கு நடக்கட்டும்" என்றார். பிறகு கணக்குச் சொன்னார். அதே டைட்டன் ஆய்வில் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குத் தோல் தடிப்பு வந்திருக்கிறது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் எட்டு ஒன்பது பேருக்கு. ஜப்பானிய நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்ததாம். பெரும்பாலும் தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் வரும். இவருக்கும் அந்தக் கணக்கில்தான் வந்திருந்தது.

நாலில் ஒருவருக்கு வரும் ஒன்றை, மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துதான் இருந்தது. இவர் என் கையைப் பிடித்து அடக்கினார். டாக்டர் கோபிக்கவில்லை. பயந்துபோய் மாத்திரையை ஆரம்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்றார். அந்தப் பதிலை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. முதுகெலும்பில் புற்றுநோய் என்று கேட்டுத் தாங்கிக்கொண்டவர்கள் அரிப்பு வரும் என்று கேட்டு ஓடிவிட மாட்டார்கள். தெரிந்திருந்தால் இடுப்பில் முதல் புள்ளி கிளம்பிய அன்றே வந்திருப்போம். வேப்பிலையும், குழாயும், அந்தப் பெண் பையோடு வெயிலில் நின்றதும் எதுவும் நடந்திருக்காது.

அதே வளாகத்தில் தோல் டாக்டரையும் பார்த்தோம். அவர் இவருடைய கையையே விரல்கள் சேர்த்து உடம்பில் வைத்து வைத்து அளந்தார். ஒருவரின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் அவர் உடம்புத் தோலில் ஏறத்தாழ ஒரு சதம். மொத்தத்தில் 30 சதத்தைத் தாண்டினால் கடுமையான வகை. இவருக்குத் தாண்டியிருந்தது. சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். காலையில் சாப்பிட்ட பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும், சர்க்கரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீரை அடைக்காத புதிய வகை அலர்ஜி மாத்திரை ஒன்று. உடம்புக்கு ஸ்டீராய்டு களிம்பு. தினமும் இளஞ்சூட்டு நீரில் குளிக்கலாம், குளித்தே ஆக வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டதும் இவர் முகத்தில் வந்த வெளிச்சம்! நுரைக்கிற சோப்பு வேண்டாம், துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும், ஈரத்தோடு பாரஃபின் கிரீம் தடவ வேண்டும். களிம்பு எவ்வளவு என்பதற்கும் ஒரு அளவு காட்டினார்: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகைவரை ஒரு கோடு பிதுக்கினால், அது இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். நாம் பொட்டு வைப்பதுபோலத் தொட்டுத் தொட்டு வைத்து, மருந்து கேட்கவில்லை என்கிறோம்.

மாத்திரையை நிறுத்தியதும் அரிப்பு நின்றுவிடும் என்று நினைத்திருந்தோம். அது அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. உடம்பில் இருக்கும் அப்பலுடமைட் பாதியாகக் குறையவே மூன்று நாளாகும். முழுசாக வெளியேற வாரங்கள் பிடிக்கும். தோல் ஆறுவதற்கு அதற்கு மேலும் ஆகும். சித்திரை முழுக்க எங்கள் வீட்டில் ராத்திரி என்பதே கிடையாது. பகலில் எப்படியோ பொறுத்துக்கொள்வார். விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும். பனையோலை விசிறியின் காம்பால் முதுகைச் சொறிவார். நான் பிடுங்கி ஒளித்துவைப்பேன். மொசைக் தரையில் வெற்று முதுகோடு படுப்பார். கரண்ட் போனால் வியர்வை பட்டு எரியும். அந்த ஊசியால் வரும் கொதிப்பும் அதே நேரத்தில் வந்துவிட்டால் எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றுவிடுவார். பனியனின் தையல் உரசுகிறது என்று உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார். வேட்டி முடிச்சு படும் இடம் புண்ணாகும் என்று பழைய நூல் புடவையைக் கிழித்து நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். எலும்பு வலியைப் பற்றி ஒரு நாளும் முனகாதவர், அரிப்பில் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வலியைப் பல்லைக் கடித்து வென்றுவிடலாம். அரிப்பு அப்படி இல்லை. அது ஆளின் கௌரவத்தையே கேட்கிறது. அதை அனுபவிக்காதவர்கள்தான் தோல்தானே என்று சொல்வார்கள்.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். ஊசி தொடங்கிய நாளிலிருந்து அவர் என்னிடமிருந்து விலகிப் படுக்க ஆரம்பித்திருந்தார். ஆசை வற்றிப்போனதைவிட, அது வற்றிப்போனது எனக்குத் தெரிந்துவிடும் என்ற வேதனை அவருக்குப் பெரிதாக இருந்தது. கையைக்கூடத் தொடவிட மாட்டார். இப்போது களிம்பு தடவ முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. காலையிலும் ராத்திரியிலும் கழுத்திலிருந்து கால்வரை விரலால் அளந்து அளந்து தடவினேன். முதல் சில நாள் கண்ணை மூடிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். ராமேசுவரம் வண்டியில் தபால் பிரித்த கதை, என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவருடைய அப்பா சொன்னது, மார்பு லேசாக வீங்குவது பற்றி அவருக்கு இருந்த வெட்கம், எல்லாம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு பேசியது அந்த ஒரு கோடையில்தான்.

வைகாசி கடைசியில் தோல் ஆறி, கறுப்புத் தழும்புகளாக நின்றது. மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாம் என்றார் டாக்டர். நிறுத்தித் தொடங்குபவர்களில் பாதிப் பேருக்காவது தடிப்பு திரும்பி வரும் என்பதை இந்தத் தடவை முதலிலேயே சொன்னார். அளவைக் குறைக்கலாம், நாலுக்குப் பதில் மூன்று, அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டு. அதற்கும் மசியாவிட்டால் டாரோலுடமைட் என்ற வேறு மாத்திரை இருக்கிறது. அதில் தோல் தொந்தரவு மிகவும் குறைவு. எனக்கு நெஞ்சு படபடத்தது. வேறு மாத்திரைக்கே போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் குறுக்கிட்டார். "பி.எஸ்.ஏ. எவ்வளவு சார்?" ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது என்றார் டாக்டர். "அப்படின்னா வேலை செய்யற மாத்திரைய எதுக்கு விடணும்? மூணாத் தாங்க."

திரும்பி வந்தது. இடுப்பிலும் முழங்கை மடிப்பிலும், முன்பு வந்ததில் நாலில் ஒரு பங்கு. அன்றே போன் செய்தோம். அன்றே களிம்பு தொடங்கினோம். சில வாரத்தில் அடங்கியது. இப்போதும் மூன்று மாத்திரைதான் சாப்பிடுகிறார். பங்குனி, சித்திரையில் கொஞ்சம் அரிக்கும். குளித்ததும் கிரீம் தடவுவதை அவரே செய்துகொள்கிறார். முதுகுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்.

நோய் வெளியே தெரிந்ததில் அவர் பயந்த பேச்சு வந்ததா என்று கேட்பீர்கள். வந்திருக்கலாம், எங்கள் காதுக்கு எட்டவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று நடந்தது. அவரோடு வேலை பார்த்த இரண்டு பேர் தனித்தனியாக வந்து, தங்களுக்கும் புராஸ்டேட்டில் பிரச்சினை என்று கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டுப் போனார்கள். திருச்சி ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில், வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருக்கும் வயதானவர்களை இவர் இப்போது அடையாளம் கண்டுபிடிக்கிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எந்த மாத்திரை?" என்று கேட்கிறார். அரிப்பு தாங்காமல் டாக்டரிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிட்டு, மாசாமாசம் சாப்பிடுவதாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரை இவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அவருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள்.

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறார்கள். அதில் எல்லாம் இருக்கிறது, பொடி எழுத்து ஆங்கிலத்தில். இந்த மாத்திரைகளைக் கொடுக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அது வரும்வரை, வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். மாத்திரை தொடங்கிய முதல் மூன்று மாதம், குளித்துவிட்டு வரும்போது அவர் முதுகையும் இடுப்பையும் பாருங்கள். அவராகச் சொல்ல மாட்டார். தடிப்பு தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், கடையில் வேறு மாத்திரை வாங்கவும் வேண்டாம். காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ, கண் உறுத்தலோ, கொப்புளமோ சேர்ந்திருந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல், விடியட்டும் என்று காத்திராமல், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.